ஒரே கார்டு இரண்டு ஏலத்தில் நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது

போன மாதம் திருநகரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நான் தேடிக்கிட்டிருந்த சச்சின் கார்டு, அதான் அவர் படம் போட்டு சேகரிக்கிறவங்களுக்காக அடிச்ச கார்டு, ஆன்லைன்ல ரெண்டு இடத்துல ஏலத்துல இருக்கு. ஒண்ணு 18 ஆயிரத்துல நிக்குது, இன்னொண்ணு 11 ஆயிரம்தான். சின்ன விலைக்குக் கேட்டுடவா?" கொஞ்சம் பொறுடா, ரெண்டையும் அனுப்பு என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டிலும் 23/50 என்று அச்சாகியிருந்தது. 50 கார்டு அடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டிருக்கிறார்கள் என்றால், 23 என்பது உலகத்துக்கே ஒன்றுதான். ஆனால் இங்கே விற்பவர் பெயரும் இரண்டு, ஊரும் இரண்டு.

எண் போட்ட கார்டு என்றால் இப்படி உடனே தெரிந்துவிடும். எண் இல்லாத கார்டில்தான் கண்ணுக்கு வேலை. அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள், கார்டுக்கும் அப்படி ஒரு சுழி உண்டு. முதலில் நான்கு பக்க ஓரத்தைப் பாருங்கள், வெட்டும்போது படம் ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கும், அந்தத் தள்ளல் கார்டுக்குக் கார்டு மாறும். அப்புறம் மூலைகள், அப்புறம் அச்சில் விழுந்த புள்ளிகள். அவன் அனுப்பிய இரண்டு படத்திலும் இடது மேல் மூலையில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளை தெரிந்தது. கார்டுக்கு அடியில் விரித்திருந்த நீலத் துணியின் சுருக்கம்கூட ஒன்றேதான். இரண்டாவது படத்தில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் தூக்கிப் போட்டிருக்கிறார். இப்படிச் சந்தேகம் வந்தால் கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டும் தேடிப் பாருங்கள், பழைய ஏலத்தில் அதே படம் கிடக்கும்.

அதற்காக இரண்டு தடவை கண்ணில் பட்டாலே திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஜெயித்தவர் 4 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் விற்பவர் அதை ரத்து செய்துவிட்டு மறுபடி போடலாம், அதனால் முதல் ஏலம் முடிந்து ஒரு வாரத்தில் அதே கார்டு, அதே விற்பவர் பெயரில் திரும்ப வந்தால் அது சாதாரண விஷயம். ஒரே ஆள் இரண்டு தளத்தில் போடுவதும் உண்டு. அது ஏமாற்று இல்லை, ஆனால் நீங்கள் ஜெயித்த பிறகு "வேறு இடத்தில் விற்றுவிட்டது" என்று பதில் வரும். ஆளும் வேறு, ஊரும் வேறு, படம் மட்டும் ஒன்று என்றால்தான் உண்மையாகவே பயப்பட வேண்டும்.

அப்போது இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: இன்றைய தேதியையும் என் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, கார்டு பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று. வெறும் போட்டோ போதாது, சீட்டை அதில் ஒட்ட வைப்பது இப்போது ஒரு நிமிட வேலை. கார்டு கையில் இருப்பவருக்கு இது பெரிய சிரமம் இல்லை. 11 ஆயிரத்துக்காரர் வீடியோ அனுப்பவில்லை, "வாட்ஸ்அப்புக்கு வாங்க, பாதிப் பணம் ஜிபே பண்ணுங்க, ஏலத்தை நிறுத்திடறேன்" என்றார். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அந்த நிமிடமே விலகிவிடுங்கள். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் தளத்துக்குள் கட்டிய பணத்துக்குத்தான். அதற்கும் பொருள் வந்த நாளிலிருந்தோ வர வேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாளுக்குள் கேட்க வேண்டும்.

பெட்டிக்குள் சீல் வைத்துத் தரம் போட்ட கார்டு என்றால் லேபிளில் சான்று எண் இருக்கும். கார்டுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனமான பிஎஸ்ஏ 1991-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது, அவர்கள் தளத்தில் எண்ணைப் போட்டால் கார்டின் விவரம் வரும், பலவற்றுக்குப் படமும் வரும். ஆனால் எண் சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். உண்மையான எண்ணைப் போலி லேபிளில் அச்சடித்துப் போலிப் பெட்டியில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதே எண் இரண்டு ஏலத்தில் நின்றால் தளத்தில் வரும் படத்தின் மூலையையும் ஓரத்தையும் ஏலப் படத்தோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, விலை. விற்றுமுடிந்தவை என்ற பட்டியலைப் பார்த்துத்தான் பலரும் விலை முடிவு செய்கிறோம். ஒரே கார்டு, அதே மூலைக் காயத்தோடு, இரண்டு மாதத்தில் மூன்று தடவை "விற்றது" என்று நின்றால், அந்தப் பணம் ஒரு தடவையாவது கை மாறியதா என்பதே சந்தேகம். தங்களுக்கு வேண்டியவர்களைக் கேட்க வைத்து விலையை ஏற்றிவிடுகிறார்களோ என்றும் யோசிக்க வேண்டும். அந்த மூன்று விலையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எது நல்லது என்று தெரியாமல் இரண்டிலும் கேட்டு வைக்காதீர்கள். இரண்டும் உங்களுக்கே விழுந்தால் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடிய பிறகு வெளிநாட்டுத் தளத்தில்தான் கேட்கிறோம், தபால் கூலியும் சுங்கவரியும் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

போலி என்று தெரிந்ததும் அந்த ஏலப் பக்கத்திலேயே புகார் கொடுங்கள், இரண்டு ஏலத்தின் எண்ணையும் சேர்த்து எழுதினால் அவர்களுக்குப் பார்ப்பது சுலபம். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும், ஏலப் பக்கம் காணாமல் போய்விடும்.

18 ஆயிரத்துக்காரர் மறுநாள் காலையிலேயே வீடியோ அனுப்பினார், சீட்டில் இவன் பெயர், பக்கத்தில் அதே நீலத் துணி. கடைசி நிமிடத்தில் விலை 26 ஆயிரத்துக்குப் போனது, இவன் 20-இல் நின்றுகொண்டான். இப்போது 50-இல் வேறு எந்த எண் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.