'முன்விரோதம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிரிப்பது: கொலை வழக்கை விசாரித்து எழுதப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மதுரைப் பதிப்பு நாளிதழைப் பிரித்தால் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம்: "முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை." இரண்டு பத்திச் செய்தியில் பெயர், வயது, ஊர், அரிவாள், தனிப்படை எல்லாம் இருக்கும். என்ன விரோதம், எப்போதிலிருந்து, அன்றைக்கு ஏன் வெடித்தது என்பது இருக்காது. உண்மைக் குற்றக்கதை எழுத வருகிறவர்களில் பலர் இந்தச் செய்தியையே எடுத்து, ரத்தத்தையும் திகிலையும் கூட்டி இருபது நிமிட ஒலிக்கதையாக இழுத்துவிடுகிறார்கள். செத்தவருக்கு அதனால் ஒரு நியாயமும் கிடைப்பதில்லை. இங்கே நாம் பழகப்போவது அந்த ஒரு சொல்லை ஆவணங்களை வைத்துப் பிரித்துப் பார்க்கும் வேலை.

படி 1: முடிந்த வழக்கை எடுங்கள்

முதல் முயற்சிக்கு, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, உயர் நீதிமன்ற மேல்முறையீடும் முடிந்த வழக்குதான் சரி. போன வாரம் நடந்த கொலையைத் தொடாதீர்கள். காவல்துறை சொன்னதைத் தவிர வேறு எதுவும் உங்கள் கைக்கு வராது. நீங்கள் எழுதுவது சாட்சிகளைக் கலைக்கலாம், நீதிமன்ற அவமதிப்பு வரைக்கும் போகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டாலும், விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

முதலில் தேட வேண்டியது 'முதல் தகவல் அறிக்கை', அதாவது எஃப்.ஐ.ஆர். 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர்த்து, எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்துத் தேடலாம். புதியவர்கள் பலர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். மதுரை மாநகரமும் மதுரை மாவட்டமும் காவல்துறைக் கணக்கில் வேறு வேறு. தல்லாகுளம் மாநகரத்தில் வரும், மேலூர் மாவட்டத்தில் வரும். மாற்றித் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் என்ற தனி அடையாளம் உண்டு. அது கிடைத்துவிட்டால் வாய்தா தேதிகள், உத்தரவுகள், தீர்ப்பு எல்லாம் வரிசையாக வரும். கொலை வழக்கு முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஓர் எண்ணிலும், கொலை வழக்கை முழுதாக விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு வேறு எண்ணிலும் ஓடும் என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிருந்தால் எண்ணுக்கு முன்னால் 'எம்.டி.' என்று இருக்கும். கிளை 2004 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மேல்முறையீடுகளைச் சென்னைப் பதிவுகளில் தேடுங்கள்.

இணையத்தில் இல்லாத ஆவணங்களுக்கு நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போடலாம். வழக்கில் தொடர்பில்லாதவர் என்றால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரம் தேவைப்படும். மறுத்தாலும் மறுப்பார்கள். அந்த நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

பிரிவு எண்களில் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அன்றோ அதற்குப் பின்னோ நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. சந்தேக மரணம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, புதியதில் 194. சந்தேக மரணமாகப் பதிவானது கொலையாக மாறிய வழக்கில் 'பிரிவு மாற்ற அறிக்கை' ஒன்று இருக்கும். அதன் தேதியைத் தேடிப் பிடியுங்கள். போலீஸின் பார்வை திரும்பிய நாள் அதுதான்.

படி 3: தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

செஷன்ஸ் தீர்ப்பின் கடைசியில் சாட்சிகளும் ஆவணங்களும் பட்டியலாக இருக்கும். தமிழ்த் தீர்ப்பில் அ.சா.1 என்றால் அரசுத் தரப்பு முதல் சாட்சி, அ.சா.ஆ.1 முதல் ஆவணம், சா.பொ.1 சான்றுப்பொருள். பட்டியலை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள். இல்லையென்றால் நாற்பதாம் பக்கத்தில் "அ.சா.14" யாரென்று தெரியாமல் திணறுவீர்கள்.

மூன்று முறை படியுங்கள். முதல் முறை அரசுத் தரப்புக் கதைக்காக. இரண்டாம் முறை எதிர்த்தரப்பு எழுப்பிய சந்தேகங்களுக்காக. மூன்றாம் முறை நீதிபதி எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பதற்காக. பிறழ் சாட்சியானவர்களை, அதாவது போலீஸிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னவர்களை, வேறு நிற மையில் குறியுங்கள். ஒருவர் ஏன் பிறழ்ந்தார் என்பதற்குள் ஊரே அடங்கியிருக்கலாம். ஆனால் காரணத்தை நீங்களாக எழுதிவிடக் கூடாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற செய்தி வரியை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27ஆம் பிரிவு. "கண்மாய்க்கரை புதரில் அரிவாளை ஒளித்து வைத்தேன்" என்பது நிற்கலாம். "அவனை வெட்டினேன்" என்பது நிற்காது.

படி 4: ஒவ்வொன்றுக்கும் மூன்று நேரம்

நீளவாக்கு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: என்ன நடந்தது, நடந்த நேரம், அது இன்னொருவருக்குத் தெரிந்த நேரம், காகிதத்தில் ஏறிய நேரம், ஆதாரத்தின் எண். மூன்று நேரங்களையும் ஒரே கட்டத்தில் எழுதுவதால்தான் பெரும்பாலான கதைகள் குழம்பிப் போகின்றன. இரவு பத்து மணிக்குக் கொலை, காவல் நிலையத்துக்குத் தகவல் நள்ளிரவு ஒரு மணி, எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போனது மறுநாள் பகல் பதினொன்று என்றால், அந்தப் பத்து மணி நேரம் என்ன ஆனது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்டிருக்கும். புகாரில் பெயர்கள் பிறகு சேர்க்கப்பட்டனவா என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

பிரேத பரிசோதனைச் சான்றில் "இறந்து 12 முதல் 24 மணி நேரம்" என்ற மாதிரி வரி இருந்தால், அது கடிகாரம் காட்டிய நேரமல்ல, ஒரு மதிப்பீடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உடல் விறைப்பது, தளர்வது, அழுகுவது எல்லாமே சீக்கிரம் நடக்கும். அந்த வீச்சை "சரியாக 9.40க்கு உயிர் பிரிந்தது" என்று குறுக்க வேண்டாம்.

படி 5: நோக்கத்தைத் தேடுவது

சட்டத்தில் நோக்கத்தின் இடம் என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால், நோக்கத்தை நிரூபிக்காவிட்டாலும் தண்டிக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தில் மட்டும் நிற்கும் வழக்கில் நோக்கம் பெரிய கண்ணி. சூழ்நிலைச் சங்கிலி எப்படி முழுமையாக இருக்க வேண்டும் என்று 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகள் வகுத்தது. வழக்கறிஞர்கள் அதைப் பஞ்சசீலம் என்பார்கள். உங்கள் கதையையும் அந்த ஐந்தில் உரசிப் பாருங்கள், முக்கியமாகக் கடைசி விதியில்: குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று கொள்ள நியாயமான வழி எதுவும் மிஞ்சக் கூடாது.

கோகுல்ராஜ் வழக்கை இதற்குப் பாடமாகப் படிக்கலாம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோவிலுக்குப் போன பட்டியல் சமூக இளைஞர், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். மேலுக்குத் தற்கொலைத் தோற்றம். உள்ளே இருந்தது, வேறு சாதிப் பெண்ணோடு அவர் பழகியதைப் பொறுக்காத சாதி வெறி. நாமக்கல்லில் நடந்த விசாரணை மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். முக்கிய சாட்சி பிறழ்ந்த நிலையில் கோவில் கேமராப் பதிவுகள் வழக்கைத் தாங்கின. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் 2023 ஜனவரியில் அந்தக் கோவிலுக்கே நேரில் போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஜூன் 2 அன்று பத்துப் பேரும் குற்றவாளிகள் என்பதை உறுதிசெய்து, இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தால், நோக்கம் என்பது யாரோ வாயால் சொல்லிக் கிடைப்பதில்லை, நேரமும் இடமும் நடத்தையும் சேர்ந்து காட்டுவது என்பது தெரியும்.

இனி கைப்பழக்கத்துக்கு ஒரு கற்பனை வழக்கு. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயதான விவசாயி ஒருவர் இரவில் தன் கிணற்றடியில் வெட்டப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் அவர் வெள்ளாமையில் மேய்ந்த தகராறு, முன்விரோதம் என்கிறது செய்தி. சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் ஒரு வரி: "மோட்டார் அறைக் கதவு திறந்த நிலையில், ஒரு பீஸ் கட்டை கழற்றித் திண்ணையில் வைக்கப்பட்டுள்ளது." இந்த இடத்தில் நில்லுங்கள். பீஸ் கட்டை என்பது மோட்டாருக்கு மின்சாரம் போகும் ஃபியூஸ். ஆட்டுத் தகராறில் ஆத்திரப்பட்டு வந்தவன் எதற்குப் பீஸ் கட்டையைக் கழற்றுவான்? மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் நின்றால் வீட்டில் படுத்திருக்கும் விவசாயி எழுந்து வருவார். அது தெரிந்த ஒருவன் அவரை வரவழைத்திருக்கலாம். அல்லது மோட்டார் நின்றதைப் பார்த்து அவரே கழற்றியிருக்கலாம். இரண்டையும் எழுதி வையுங்கள். கட்டையில் கைரேகை எடுத்தார்களா என்று ஆவணப் பட்டியலில் பாருங்கள்.

பிறகு நிலத்துக்கு வாருங்கள். பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் அப்படியே. சிட்டா இன்றைய உரிமையாளரைத்தான் காட்டும், பழைய கதை வில்லங்கத்தில்தான் கிடைக்கும். கொலைக்குச் சில வாரம் முன்பு சுற்றியுள்ள நிலங்களுக்கெல்லாம் ஒரே ஆள் பெயரில் பவர் பத்திரம் பதிவாகி, நடுவில் வண்டிப்பாதையை ஒட்டிய இவருடைய 40 சென்ட் மட்டும் விடுபட்டிருந்தால், ஆட்டுக்கு மேலே ஒரு கேள்வி நிற்கிறது.

கேள்வி மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறோம். பத்திரத் தேதியும் கொலைத் தேதியும் பக்கத்தில் இருப்பதை வைத்து யாரையும் கொலைகாரர் ஆக்க முடியாது. ஒவ்வொரு சந்தேகத்தையும் நான்கு கேள்வியில் போடுங்கள்: யாருக்கு ஆதாயம், அந்த ஆதாயம் அவருக்கு அப்போதே தெரியுமா, அன்றைய இரவு அவரால் முடியுமா, கொலைக்குப் பிறகு அவர் நடத்தை மாறியதா? ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அது நோட்டிலேயே இருக்கட்டும்.

படி 6: இடத்துக்குப் போங்கள், அதே நேரத்தில்

இரவுக் கொலை என்றால் இரவில் போக வேண்டும். தினசரி காலண்டரில் அன்றைய பிறையைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய இரவில் ஐம்பதடி தூரத்தில் முகத்தைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லியிருந்தால், தெருவிளக்கு எங்கே இருந்தது என்று, சம்பவ இடத்தைப் போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தில் தேடுங்கள். தூரங்களை நடந்து அளந்து நிமிடக் கணக்கில் எழுதுங்கள். மாட்டுத்தாவணியில் கடைசிப் பேருந்து ஏறினேன் என்கிற சாட்சியின் கதையை, அந்த ஆண்டு நேர அட்டவணை கிடைத்தால்தான் சரிபார்க்க முடியும். இன்றைய அட்டவணையை வைத்து அவரைப் பொய்யர் ஆக்காதீர்கள்.

படி 7: மனிதர்களிடம் பேசுவது

பழைய வழக்கானாலும் அந்த வீட்டில் துக்கம் பழசாகியிருக்காது. தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், என்ன எழுதப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள், கேட்காமல் போனில் பதிவு செய்யாதீர்கள். திவச நாளில் போகாதீர்கள். டீக்கடையில் "யார் கொன்றது?" என்று கேட்டால் ஊர் வாய் ஒன்றும் தராது, தந்தாலும் வதந்தியாகத்தான் இருக்கும். "அந்த மாசம் ஊர்ல வேற என்னண்ணே நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கண்மாய் ஏலம், கோவில் கணக்கு, உள்ளாட்சித் தேர்தல் என்று ஒவ்வொன்றாக வரும். குற்றம் சாட்டப்பட்டவரின் பிள்ளைகளைத் தேடிப் போகக் கூடாது.

படி 8: எழுதுவது

இருபது நிமிட ஒலிக்கதைக்குச் சுமார் 2000 சொற்கள் போதும். ரத்தத்தில் தொடங்காமல், கேள்வி எழுப்பும் பொருளில் தொடங்குங்கள். நம் கற்பனை வழக்கில் அது திண்ணையில் இருந்த பீஸ் கட்டை. வரைவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஆதார எண் எழுதுங்கள். எண் இல்லாத வாக்கியம் உங்கள் கற்பனை, அடித்துவிடுங்கள். செத்தவர் கடைசியில் என்ன நினைத்தார் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது.

நோக்கத்தை அடுக்கடுக்காகக் கொடுங்கள்: போலீஸ் சொன்னது, அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்தது, நீதிமன்றம் ஏற்றது. நீங்கள் கண்டது இந்த மூன்றிலும் இல்லை என்றால், "இந்தப் பத்திரம் பதிவில் இருக்கிறது, வழக்கில் இது ஆராயப்படவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள்.

பெண் கொல்லப்பட்டால் 'கள்ளக்காதல்' என்று போடுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்தச் சொல் விசாரிப்பதில்லை, செத்தவள் மேல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. பல வழக்குகளில் அதற்குப் பின்னால் சொத்தும் வரதட்சணையும் அடி உதையும் மறைந்து கிடக்கும்.

படி 9: வெளியிடும் முன்

தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'. விடுதலையானவர் சந்தேகத்தின் பலனில் வந்தவரானாலும் கொலைகாரர் இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர், சிறார் ஆகியோரின் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் வரக் கூடாது. சட்டம் தடுக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் புதிதாக ஏதாவது சொல்கிறீர்கள் என்றால், அவர் பதிலை எழுத்தில் கேளுங்கள், குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள், வந்த பதிலைக் கதைக்குள்ளேயே சேருங்கள்.

எந்தத் தேதி வரைக்குமான தீர்ப்பை வைத்து எழுதினீர்கள் என்பதை முதல் வரிக்கு மேலே போடுங்கள். பிற்பாடு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு மாறினால் பழைய பதிவை ஓசையில்லாமல் அழிக்காமல், அதே இடத்தில் தேதியோடு திருத்தம் சேர்த்து, தலைப்பையும் மாற்றுங்கள்.