'டிஸ்பிளே வருது' என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மதர்போர்டு தேடிப் போனால் காதில் விழும் முதல் பேச்சு, "டிஸ்பிளே வருது, பாருங்க." போர்டை ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ரேமைச் சொருகி, பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடுவார் கடைக்காரர். திரையில் எழுத்து வரும், நமக்கும் மனசு நிறைந்துவிடும். எனக்கு அப்படித்தான் நிறைந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு 4 ஜிபி ரேம் போட்டேன், போர்டு ஒன்றைத்தான் காட்டியது. இரண்டாவது ஸ்லாட் செத்துப்போயிருந்தது. கடைக்காரருக்குத் தெரியுமோ தெரியாதோ, போட்டுப் பார்க்கச் சொல்லாதது என் தப்பு.

டிஸ்பிளே வருவதற்கு போர்டில் பாதி உயிரோடு இருந்தாலே போதும். அதனால் ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனியாகவும், அப்புறம் இரண்டையும் சேர்த்தும் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால், அதையே எல்லா யூஎஸ்பி துளையிலும் மாற்றி மாற்றிச் சொருகலாம், லேன், ஆடியோ, ஹார்ட் டிஸ்க் இணைக்கும் ஒவ்வொரு சாட்டா போர்ட் என எல்லாவற்றையும் அங்கேயே நின்று பார்த்துவிடலாம். கூச்சப்பட வேண்டாம். இப்படிப் பார்க்க விட மறுக்கிற கடையில் வாங்காமல் வருவதே லாபம்.

ஸ்லாட் ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது, ஏனென்றால் பல நேரம் கோளாறு ஸ்லாட்டில் இருப்பதே இல்லை. ரேமைக் கவனிக்கும் பகுதி இப்போது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளில் பிராசசரைத் தொடும் பின்கள், அது உட்காரும் சாக்கெட்டில் இருக்கின்றன. அதில் ஒரு பின் வளைந்தால் ஒரு ரேம் ஸ்லாட்டே காணாமல் போகலாம். எனவே பிராசசரைக் கழற்றச் சொல்லி, மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பின்கள் நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை பிசகாமல் இருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி மின்னினால், விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் பின்கள் பிராசசரில் இருக்கும், அங்கே பாருங்கள்.

அடுத்தது, "அதே சாக்கெட்தானே, உட்காரும்" என்று நம்புவது. உட்காரும், ஆனால் ஓடாது. 1151 சாக்கெட்தான் இதில் பெரிய வில்லன். எச்110 போர்டும் எச்310 போர்டும் (போர்டிலுள்ள முக்கிய சிப்பின் பெயர்கள் இவை) பெயரளவில் ஒரே 1151, ஆனால் முதலாவதில் இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறை பிராசசர் மட்டுமே ஓடும், இரண்டாவதில் பெரும்பாலும் 8, 9 மட்டுமே. 6ஆம் தலைமுறை ஐ5 6500 வைத்திருப்பவர் எச்310 வாங்கி வந்தால் கருப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எச்61-இல் வேறு கதை. 2ஆம் தலைமுறை நேராக ஓடும், 3ஆம் தலைமுறைக்குப் புது பயோஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வேண்டும், அதை ஏற்றுவதற்கோ பெரும்பாலும் ஒரு 2ஆம் தலைமுறை பிராசசரைக் கடன் வாங்க வேண்டும். பழைய பயோஸ் உள்ள ஏஎம்டி பி450 போர்டில் ரைசன் 5600 போட்டாலும் இதே கூத்துதான். போர்டு மேலேயே மாடல் பெயரும் ரெவிஷன் எண்ணும் அச்சிட்டிருக்கும். கடையில் நிற்கும்போதே தயாரிப்பாளர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடி, உங்கள் பிராசசர் எந்த பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று பாருங்கள். ரெவிஷன் மாறினால் பட்டியலும் மாறலாம்.

கூடவே ஒன்று: எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ஜி இல்லாத ஏஎம்4 ரைசன்களிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திட்டம் போடாதீர்கள்.

டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய போர்டு மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பல மாடல்களில் வழக்கமான 24 பின் பவர் கிடையாது, முன்பக்க சுவிட்ச் ஒயர் வேறு, திருகு துளையும் கேபினெட்டுக்கு ஒத்துவராது, போதாததற்கு பழைய கம்பெனி வைத்த பயோஸ் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். அந்த வகை வேண்டுமென்றால் முழு கம்ப்யூட்டராகவே வாங்குங்கள், உண்மையில் பட்ஜெட்காரருக்கு நான் முதலில் சொல்வதே அதுதான்.

'புது எச்61' என்று பெட்டியில் வருவதும் உண்டு. எச்61 வந்தது 2011-இல். இன்று புதிதாக வரும் போர்டில் இருப்பது பெரும்பாலும் பழைய போர்டிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டிய சிப். வாரண்டி இருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் புதுசு விலை கொடுக்காதீர்கள். அப்புறம் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 முதல். லினக்ஸ் போடுபவருக்கு இந்தக் கவலை இல்லை.

உப்பிய கெபாசிட்டர், சிப்பைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின், யூஎஸ்பி உலோகத்தில் துரு, திருகுத் துளையோரம் வெள்ளைப் பூப்பு, இவை சூடுபட்ட, சூடு காட்டி ரிப்பேர் செய்த அல்லது தண்ணீர் பார்த்த போர்டின் அடையாளங்கள். கடலோர ஊர்களில் துருவைக் கொஞ்சம் கூடுதலாகவே தேடுங்கள். அதே நேரம் தேதி மாறிப்போகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது என்பதற்காக நல்ல போர்டைத் தள்ளிவிடாதீர்கள். போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்க ஐஓ பிளேட் (போர்ட்டுகளைச் சுற்றி கேபினெட்டில் பொருத்தும் தகடு) இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், தனியாகத் தேடினால் அந்த மாடலுக்குக் கிடைப்பது கஷ்டம்.

டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரமோ பத்து நாளோ, வாயால் சொன்னால் போதாது, சீரியல் எண்ணோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேபினெட் வரட்டும் என்று பரணில் போடாமல், அன்றைக்கே அட்டைப்பெட்டி மேல் வைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.