கடத்தல் கூட்டுச்சதி வழக்கில் சிறைத் தண்டனை: உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது எப்படி?

போதைப்பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவரச் சதி செய்ததாக என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 23, 29 பிரிவுகளில் தண்டனை விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஹெராயின் 250 கிராமுக்கும் கொக்கைன் 100 கிராமுக்கும் மேல் போனால் அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, அதோடு 1 லட்சம் அபராதம். உயர் நீதிமன்றம் அதற்குக் கீழே குறைக்க முடியாது. "முதல் குற்றம், குடும்பம் தவிக்கிறது" என்று மட்டும் எழுதும் மனு 10 ஆண்டில் முட்டி நின்றுவிடும். குற்றவாளி என்ற தீர்ப்பையே எதிர்க்க வேண்டும்.

கெடு 60 நாள். சான்றிட்ட நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தீர்ப்பு நகல் ஒன்றை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவருக்கு வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலைத் தரும்.

சதி வழக்கில் பெரும்பாலும் சரக்கு வேறொருவர் கையில் பிடிபட்டிருக்கும். அதோடு உங்களைக் கட்டும் கயிறு எது என்று தீர்ப்பில் தேடுங்கள். பிரிவு 67-இன் கீழ் விசாரணை அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம்தான் கயிறு என்றால், மேல்முறையீட்டின் முதல் காரணமே அதுதான்: அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று தூபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவர் கொடுத்த அத்தகைய வாக்குமூலத்துக்கும் இது பொருந்தும். அடுத்தது செல்போன் அழைப்புப் பட்டியல். இருவர் பேசினார்கள் என்பதைத்தான் அது காட்டும். என்ன பேசினார்கள் என்பதைக் காட்டாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்குரிய சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபணையை விசாரணை நீதிமன்றத்திலேயே எழுப்பியிருந்தால்தான் வலு. அங்கே விட்டதை மேலே பிடிப்பது கடினம். ஆகவே குறுக்கு விசாரணைப் பக்கங்களை வரி விடாமல் படியுங்கள்.

தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் கூடவே போடுங்கள். வணிக அளவு வழக்கில் பிரிவு 37 குறுக்கே நிற்கும்: குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்று இரண்டையும் நீதிபதி ஏற்க வேண்டும். கயிறு அறுந்திருப்பதை இந்த மனுவிலேயே காட்டுங்கள்.

தண்டனையைப் பொறுத்து மூன்று கோரிக்கைகளைத் தனியாக எழுதுங்கள்: இரு பிரிவுகளின் தண்டனையும் ஏககாலத்தில் ஓட வேண்டும், விசாரணைக் காலச் சிறை நாட்கள் கழிய வேண்டும், அபராதம் கட்டாவிட்டால் அனுபவிக்கும் கூடுதல் சிறை குறைய வேண்டும். 10 ஆண்டு உறுதியானாலும் இவை மாதக்கணக்கில் மிச்சம் தரும்.