காலா அசார் ஒழிப்பு: நாடுங்க சேர்ந்து வேலை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சு, இனி நோய் தன்னால குறைஞ்சிடும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. காலா அசாரையே எடுத்துக்கோங்க, மணல் ஈ கடிச்சு வர்றது, வாரக்கணக்குல காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கும், வைத்தியம் பாக்கலன்னா பெரும்பாலும் உயிரே போயிடும். இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூணும் 2005ல ஒப்பந்தம் போட்டு, 2015க்குள்ள வருஷத்துக்கு 10,000 பேர்ல ஒருத்தருக்கும் கீழ கொண்டு வர்றோம்னாங்க. வங்கதேசம் நோயை ஒழிச்சிடுச்சுன்னு 2023ல உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிச்சுது, அப்படி அங்கீகாரம் வாங்கின முதல் நாடு அதுதான், ஆனா இந்தியா கெடுவை தள்ளிக்கிட்டே வந்துச்சு.

இந்தியாவுல இந்த கணக்கை பிளாக் (மாவட்டத்துக்குள்ள இருக்கிற சின்னப் பிரிவு) வாரியா பாக்குறாங்க, நேபாளத்துல மாவட்டம் வாரியா. மாவட்ட சராசரி நல்லா இருந்தாலும் உள்ள ஒரு ஊர் தவிச்சிக்கிட்டு இருக்கலாம், அதனால ரெண்டு நாட்டு நம்பரையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

இன்னொரு பெரிய தப்பு, மருந்து இலவசம்னா ஏழைக்கு செலவே இல்லன்னு நினைக்கிறது. மணல் ஈ ஈரமான மண் சுவர் வெடிப்புலயும் மாட்டுக் கொட்டகையிலயும்தான் இருக்கும், அதனால பீகார்ல முசஹர் மாதிரி நிலமே இல்லாத கூலி ஜனங்கதான் அதிகம் மாட்டுறாங்க. முன்னாடி கிட்டத்தட்ட ஒரு மாசம் ஊசி போடணும், அத்தனை நாளும் கூலி போச்சு, கூட வர்றவங்க கூலியும் போச்சு, வட்டிக்கு வாங்கி மாட்டை வித்துன்னு குடும்பமே கடன்ல விழுந்துடும். இப்ப ஒரே நாள்ல டிரிப்ஸ் ஏத்தி அனுப்புறாங்க, கூலி இழப்புக்கு அரசு பணமும் தருது, என்னைக் கேட்டா இதுதான் இந்த திட்டத்துலயே உருப்படியான மாற்றம்.

காய்ச்சல் விட்டதும் ஃபைலை மூடிடாதீங்க. சிலருக்கு மாசங்கள், வருஷங்கள் கழிச்சு தோல்ல தேமல் மாதிரி வரும், வலி இல்லாததால ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாங்க, ஆனா அவங்களை கடிச்ச ஈ அடுத்தவங்களுக்கு பரப்பும். பீகாருக்கும் நேபாளத்துக்கும் நடுவுல திறந்த எல்லை, ஜனங்க தினமும் போய் வர்றாங்க, அதனால ஈயைக் கொல்ல மருந்து அடிக்கிறதும் நோயாளி விவரமும் ரெண்டு பக்கமும் ஒண்ணா நடக்கலன்னா பிரயோஜனமே இல்ல.

நம்பர் குறைஞ்சதும் கையைக் கழுவுறது ரொம்ப ஆபத்து. மலேரியாவுக்காக 1950கள்ல டிடிடி பூச்சி மருந்து அடிச்சப்போ இதுவும் சேர்ந்து அடங்குச்சு, அடிக்கிறதை விட்டதும் 1970கள்ல பீகார்ல திரும்ப கிளம்பிடுச்சு. அந்தப் பகுதில ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல் நின்னு, மலேரியா இல்லன்னும் வந்துட்டா, காலா அசாரான்னு பாக்குற ஆர்கே39 ரத்த டெஸ்ட் கிட் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கையிருப்புல இருக்கணும், கேஸ் இல்லாத வருஷத்துலயும்.