தங்கமும் சிப்பியும் சேர்ந்த நகையைப் பேணும் முறை

தைப்பூசத்துக்கு முந்தின நாள் டர்பனில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். ஒரு முறை அந்தப் புளிக்கரைசலில் அம்மாவின் பதக்கத்தையும் போட்டுவிட்டேன்; 9 காரட் தங்கச் சட்டத்தில் சிப்பித் துண்டு பதித்த பதக்கம் அது. எடுத்துத் துடைத்தபோது தங்கம் பளிச்சென்றிருந்தது, வானவில் நிறம் காட்டிக்கொண்டிருந்த சிப்பியோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

காரணம் எளியது. சிப்பி, சங்கு, சோழி, முத்து ஆகிய அனைத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்த நம்மவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற எந்தப் புளிப்பும் அதைக் கரைத்துவிடும், தங்கத்தையோ ஒன்றும் செய்யாது. ஆகவே இரண்டும் சேர்ந்த நகையில் சிப்பிக்கு எது பொருந்துமோ அதையே செய்ய வேண்டும்.

முதலில் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையின் அளவை, தெரிந்துகொள்ளுங்கள். நகையின் உட்புறத்தில் 375 என்றிருந்தால் 9 காரட், 750 என்றால் 18, 916 என்றால் 22. பாட்டியின் தாலிக்கொடி 22 காரட்டாக இருக்கலாம்; இங்குள்ள கடைகளில் 9 காரட்டே மிகுதி. 1967 முதல் அச்சிடப்படும் தென்னாப்பிரிக்கத் தங்க நாணயமான க்ரூகர்ராண்டும் 22 காரட்தான்: 33.93 கிராம் எடையில் 31.1 கிராம் தங்கம், மீதி செம்பு. அதன் செந்நிறத்துக்கு அந்தச் செம்பே காரணம். 9 காரட்டில் பாதிக்கு மேல் வேறு உலோகம் என்பதால் வியர்வையும் உப்புக்காற்றும் பட்டால் அது கறுக்கும். நீச்சல்குளத்துக் குளோரின், கொக்கியையும் பற்றவைத்த இடங்களையும் நாளடைவில் பலவீனப்படுத்தும். குளத்தில் இறங்குமுன் நகையைக் கழற்றிவிடுங்கள்.

சிப்பி இல்லாத தங்கத்தை வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்தால் போதும். விபூதி, பற்பசை, சமையல் சோடா ஆகியவற்றைத் தங்கத்துக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். அவை அழுக்கோடு மெருகையும் உரசி எடுத்துவிடும்.

சிப்பி பதித்த நகையை ஊறவைக்கவே கூடாது. கடற்கரைக்குப் போய்வந்திருந்தால் முதலில் உலர்ந்த மென்தூரிகையால் மணலைத் தட்டிவிடுங்கள். மோஸ் அளவில் சிப்பியின் கடினம் 3 முதல் 4 வரை, மணலில் உள்ள குவார்ட்ஸோ 7, எனவே மணலோடு துடைத்தால் கீறல் நிச்சயம். பிறகு தண்ணீரில் ஒரு சொட்டு மென்சோப்பு கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் மறுமுறை துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், சிப்பியை ஒட்டிய பசை இளகும். கடையில் அதிர்வுத் தொட்டியில் (ultrasonic) போட்டுச் சுத்தம் செய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். வாசனைத் திரவியம், தலை எண்ணெய், மஞ்சள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக நகையை அணிவதே முறை.

கோத்த மாலையைத் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள், தொங்கவிட்டால் ஈரநூல் நீண்டுவிடும். நூலையும் துளைகளின் விளிம்பையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். இந்நாட்டின் புளோம்போஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 75,000 ஆண்டுக்கு முந்தைய துளையிட்ட சிறு சிப்பிகளை மாலையாக அணிந்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிய உதவியவற்றுள் ஒன்று, உராய்ந்து தேய்ந்த அவற்றின் துளை விளிம்புகளே. உங்கள் சோழி மாலையும் அங்கேதான் முதலில் தேயும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பனின் காற்றில் ஈரம் அதிகம். மரப்பெட்டி, குறிப்பாக ஓக் மரப்பெட்டி, வெளிவிடும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் சிப்பியின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அருங்காட்சியகத்தார் இதைப் பைன் (Byne) நோய் என்பார்கள். ஒவ்வொரு நகையையும் தனித்தனிப் பருத்திப் பையில் வைத்து, பைகளை மரம் அல்லாத பெட்டியில் போடுங்கள்.

சட்டம் உடைந்தால், சிப்பியைக் கழற்றிய பின்பே பற்றவைக்கும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள், சூடு பட்டால் அது வெடிக்கும். மெருகு போன சிப்பி போதிய தடிமனாக இருந்தால் மேலே மெல்லிய அடுக்கைத் தேய்த்து ஓரளவு ஒளியை மீட்கலாம். அம்மாவின் பதக்கத்தில் அப்படிச் செய்தபின் நடுவில் பச்சை திரும்பியது, ஓரங்களில் வெளுப்பு நின்றுவிட்டது.