மேய்ன் போகிறவர்களுக்கு: கடலுக்கு முன்னால் ஆற்றைப் பாருங்கள்

பாஸ்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் மேய்ன் மாநிலத்துக்குப் போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நீண்ட வார இறுதி, ஐந்து மணி நேரக் கார் பயணம், அகாடியா தேசியப் பூங்கா, கேடிலாக் மலையில் சூரிய உதயம், திரும்பி வருதல். அந்தக் கடற்கரை அழகுதான். ஆனால் மேய்னின் நிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் காடு. அமெரிக்காவில் இந்த அளவுக்குக் காடு மூடிய மாநிலம் வேறு இல்லை. அந்தக் காட்டை நெடுஞ்சாலையிலிருந்து பார்த்ததோடு விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

கோடையில் எங்கள் வீட்டுக்கு மாமியார், நாத்தனார் குடும்பம் என்று யாராவது ஊரிலிருந்து வந்தபடி இருப்பார்கள். அவர்களை அழைத்துப் போய்ப் போய் எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. முதலில் ஆறு, அடுத்து மலை, கடைசியில் கடல். ஒவ்வோர் இடத்துக்கும் போகும் முன்பே அதன் கதையைக் காரில் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் இருந்தால் நிதானமாகப் போகலாம்.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து ஜூன் பாதிக்கு மேல் வரை பிளாக்ஃப்ளை என்கிற குட்டிக் கருப்பு ஈக்களின் காலம். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் கடிக்கும். அப்போது வலி தெரியாது, மறுநாள் வீங்கும். சின்னப் பிள்ளைகளோடு அந்த வாரங்களில் காட்டுக்குள் போகாதீர்கள். ஜூலையில் கொசுவும், கடலோரத்தில் மூடுபனியும் இருக்கும். ஆகஸ்டில் காட்டு புளூபெர்ரி பழுக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறை முடிந்ததும் கூட்டம் குறையும், பூச்சி அடங்கும். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே செப்டம்பர் கடைசி, கடலோரத்தில் அக்டோபர் நடுப்பகுதி.

எந்த மாதமானாலும் உண்ணி உண்டு, அதனால் லைம் நோய் வரும். முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், பிள்ளைகளின் காதோரம், தலைமுடி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பயணத்தில் இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறும் தவளையும்

பாங்கோர் நகரைத் தாண்டி இருபது நிமிடத்தில் ஓல்ட் டவுன் வரும். அங்கே பெனாப்ஸ்காட் ஆற்றின் நடுவே இருக்கும் தீவுதான் இந்தியன் ஐலண்ட், பெனாப்ஸ்காட் மக்களின் ஊர். மேய்னின் பூர்வகுடிகளான பெனாப்ஸ்காட், பாஸமகுவாடி, மாலிஸீட், மிக்மாக் மக்களைச் சேர்த்து வபனாகி என்பார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இந்தக் காடு அவர்களுடையது.

ஆற்றைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை இது. ஒரு ராட்சதத் தவளை தண்ணீரையெல்லாம் தனக்கென்று அடைத்து வைத்துக்கொண்டது. கீழே இருந்த ஊர்கள் தாகத்தில் தவித்தன. மக்களுக்கு வீரனும் ஆசானுமான குலுஸ்காபே வந்து தண்ணீரை விடச் சொன்னான். தவளை மறுத்தது. அவன் ஒரு பெரிய மஞ்சள் பிர்ச் மரத்தை வெட்டி அதன் மேல் சாய்த்தான். அடிமரம் விழுந்த தடத்தில் பேராறு ஓடியது, கிளைகள் விழுந்த தடங்களில் கிளையாறுகள் ஓடின. தாகம் தாங்காமல் தண்ணீருக்குள் குதித்தவர்கள் மீனாகவும் தவளையாகவும் ஆமையாகவும் மாறிவிட்டார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் அந்த உயிர்களின் பெயரையே குலப்பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

சொல்லி முடித்ததும் மேய்ன் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த ஆற்றையும் கிளைகளையும் விரலால் தடவிப் பார்த்தாலே சாய்ந்த மரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கதையின் அடுத்த பாதி நம் காலத்தில் நடந்தது. இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த அணைகள் கடல் மீன்கள் மேலே ஏறி வர முடியாமல் பல தலைமுறைகளாக மறித்து நின்றன. பெனாப்ஸ்காட் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து பாடுபட்டு, 2012-ல் கிரேட் வொர்க்ஸ் அணையும் 2013-ல் வீஸி அணையும் இடிக்கப்பட்டன. இப்போது வசந்த காலத்தில் ஏல்வைஃப் மீன்கள் முட்டையிட லட்சக்கணக்கில் ஏறி வருகின்றன. "இத்தனை வருஷம் கழிச்சு அதுக்கு வழி எப்படிம்மா தெரியும்?" என்று என் மாமியார் கேட்டார். பிறந்த ஏரித் தண்ணீரின் வாசனையை வைத்துத் திரும்பி வரும் மீன் அது. வழி மறிக்கப்பட்ட மேல் ஏரிகளில் ஆட்கள் முதலில் மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே பிறந்த குஞ்சுகள்தான் இப்போது தாமாக வருகின்றன.

தீவுக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். அது மக்கள் குடியிருக்கும் ஊர். வீடுகளையும் ஆட்களையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

அங்கே கூடையை உற்றுப் பாருங்கள். பிரவுன் ஆஷ் மரத்தின் கட்டையைக் கோடரியின் பின்பக்கத்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விடாமல் தட்டிக்கொண்டே போவார்கள். தட்டத் தட்ட, மரம் ஒரு வருடத்தில் வளர்ந்த வளையம் அப்படியே தனி நாராக உரிந்து வரும். மழை நன்றாகப் பெய்த வருடத்து நார் தடிமனாக இருக்கும், வறண்ட வருடத்து நார் மெலிதாக இருக்கும். அதைச் சீவி, பிளந்து, சில கூடைகளில் வாசனைப் புல்லும் சேர்த்துப் பின்னுகிறார்கள். கூடைக்குள் முகத்தை வைத்தால் வைக்கோலும் வெனிலாவும் கலந்த மணம். குலுஸ்காபே ஆஷ் மரத்தில் அம்பை எய்ய, அந்தப் பிளவிலிருந்துதான் மனிதர்கள் வெளியே வந்தார்கள் என்பது அவர்களுடைய பிறப்புக் கதை. தாங்கள் பிறந்த மரத்திலேயே கூடை பின்னுகிறார்கள்.

அந்த மரத்துக்கு இப்போது ஆபத்து. ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்றின் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தைக் கொன்றுவிடும். 2018-ல் அது மேய்னுக்குள் வந்துவிட்டது. இந்த வண்டு தொலைதூரம் பரவுவது பெரும்பாலும் விறகில் ஏறித்தான். அதனால் கேம்ப்பிங் போகிறவர்கள் மாசசூசெட்ஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ விறகைக் காரில் ஏற்றாதீர்கள். வெளிமாநில விறகுக்கு அங்கே சட்டப்படித் தடையும் உண்டு. தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கி, அங்கேயே எரித்து முடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும்.

நேரம் இருந்தால் ஆற்றின் அக்கரையில் பிராட்லியில் மரவெட்டுத் தொழிலுக்கென்றே உள்ள அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1691-ன் மாசசூசெட்ஸ் சாசனம், 24 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரங்களை இங்கிலாந்து அரசருக்கென்று ஒதுக்கியது. நெடிதுயர்ந்த வெள்ளைப் பைன் மரங்களில் அம்புக்குறி வெட்டி, கடற்படைக் கப்பல்களின் பாய்மரத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது மேய்ன் மாசசூசெட்ஸின் பகுதி. தனி மாநிலமானது 1820-ல்தான்.

பமோலாவின் மலை

பாங்கோரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் மில்லினாக்கெட். பெட்ரோலையும் குடிநீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் கடை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, தார்ச் சாலையும் இல்லை.

உள்ளே நிற்பது கடாடின், 5,267 அடி, மேய்னின் மிக உயர்ந்த மலை. ஜார்ஜியாவில் தொடங்கும் அப்பலாச்சியன் நடைபாதை முடியும் இடமும் இதன் உச்சிதான். மூஸ் என்ற ராட்சத மான்வகையின் தலை, மனித உடல், கழுகின் சிறகு கொண்ட பமோலா இந்த மலையில் குடியிருக்கிறது என்பது பெனாப்ஸ்காட் நம்பிக்கை. புயலும் பனியும் அதன் கோபம். அதனால் அவர்கள் மலையடிவாரத்துக்கு வருவார்கள், உச்சிக்கு ஏற மாட்டார்கள். இன்றும் லேபர் டே வாரத்தில் தீவிலிருந்து படகிலும் ஓட்டமாகவும் ஏறக்குறைய 100 மைல் கடந்து இந்த மலைக்கு வருவது அவர்களுடைய வழக்கம்.

பெர்சிவல் பாக்ஸ்டர் 1921 முதல் 1925 வரை மேய்னின் ஆளுநர். இந்த மலையை மக்கள் சொத்தாக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார், சட்டமன்றம் இசையவில்லை. பதவி போன பிறகு காகித நிறுவனத்திடமிருந்து சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1931-ல் மாநிலத்துக்கே கொடுத்தார். என்றைக்கும் காடாகவே விட வேண்டும் என்பது நிபந்தனை. 1962 வரை விடாமல் வாங்கிக் கொடுத்தது 2 லட்சம் ஏக்கருக்கு மேல்.

அந்த நிபந்தனையால்தான் விதிகள் கண்டிப்பு. மலைப்பாதைகள் தொடங்கும் இடங்களில் கார் நிறுத்த முன்பதிவு வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு இரண்டு வாரம் முன்பு திறக்கும். காலை 7 மணிக்குள் வாயிலுக்குப் போகவில்லை என்றால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். நாய்க்கு அனுமதி இல்லை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மரக்கோட்டுக்கு, அதாவது மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு, மேலே ஏற்றிச் செல்லக் கூடாது.

உச்சி ஏறி இறங்க ஒரு முழு நாள் ஆகும், பாறைகளைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் நிறைய. பமோலா சிகரத்திலிருந்து போகும் நைஃப் எட்ஜ் என்ற முகட்டுப் பாதை சில இடங்களில் ஒரு காலடி அகலம்தான், இரண்டு பக்கமும் பள்ளம். காற்றோ மேகமோ இருந்தால் அதில் கால் வைக்காதீர்கள். 1939 ஜூலையில் டான் ஃபெண்ட்லர் என்ற 12 வயதுச் சிறுவன் உச்சியருகே மேகத்தில் தன் கூட்டத்தைப் பிரிந்து, ஒன்பது நாள் காட்டில் தனியாக அலைந்து உயிரோடு வெளியே வந்தான். மேலே மேகம் எத்தனை சீக்கிரம் இறங்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தை வைத்தே சொல்லிவையுங்கள்.

ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ரோரிங் புரூக்கில் காரை நிறுத்திவிட்டு அரை மைல் மெதுவாக நடந்தால் சாண்டி ஸ்ட்ரீம் பாண்ட் என்ற குளம். முழங்கால் வலி உள்ள என் மாமியார் கைத்தடியோடு நடந்த பாதை அது. அதிகாலையில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். மூஸ் வந்தால் தலையை முழுக்கத் தண்ணீருக்குள் விட்டு அடியில் இருக்கும் செடியைப் பிடுங்கும். தலை மேலே வரும்போது தண்ணீர் கொட்டும் சத்தம் குளம் முழுக்கக் கேட்கும்.

மூஸை ரசிக்க வேண்டிய இடம் குளம். சாலையில் அது பெரிய ஆபத்து. கால்கள் நீளம் என்பதால் கார் மோதினால் உடல் நேரே முன் கண்ணாடியில் விழும். கண்கள் விளக்கொளிக்கு மேலே இருப்பதால் மானைப் போல மின்னாது. பொழுது சாய்ந்த பிறகு வடக்குப் பக்கச் சாலைகளில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

வழியில் ஒரு கல்லறை

கடலுக்கு இறங்கும்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு பக்ஸ்போர்ட் வழியாக வாருங்கள். சாலையோரக் கல்லறையில் ஊரை நிறுவிய ஜொனாதன் பக்கின் நினைவுத்தூண். அதில் பெண்ணின் கால் போல ஒரு கறை. அவர் ஒரு சூனியக்காரியை எரிக்கத் தீர்ப்பளித்தார், அவள் உன் கல்லறையில் ஆடுவேன் என்று சபித்தாள் என்பது கதை. பக் பிறந்தது 1719-ல். மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகள் 1693-லேயே முடிந்தவை, அங்கும் தூக்கில்தான் போட்டார்கள், எரிக்கவில்லை. தூணை 1852-ல் பேரப்பிள்ளைகள் நட்டார்கள். கல்லில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த கறை அது. வபனாகி கதைகளோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். நல்ல பேச்சு வளரும். பெனாப்ஸ்காட் ஆற்றின் எதிர்க்கரையில் கிரானைட் கோட்டையான ஃபோர்ட் நாக்ஸும், ஆற்றைக் கடக்கும் பாலத்தின் கோபுரத்தில் 420 அடி உயரத்தில் பார்வை மாடமும் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, பெரியவர்களுக்கும் சரிப்படும்.

கடைசியில் கடல்

அகாடியாவில் கேடிலாக் உச்சிக்குக் காரில் போக மே கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை முன்பதிவு வேண்டும். 30 சதவீத இடம் 90 நாள் முன்பும், மீதி இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்கும் திறக்கும். நாட்டின் முதல் சூரிய உதயம் இங்கேதான் என்பது அக்டோபர் 7 முதல் மார்ச் 6 வரைக்கும்தான் பொருந்தும். எனவே கோடையில் இடம் கிடைக்கவில்லை என்றால் மனதை விட்டுவிடாதீர்கள்.

நான் எல்லோரையும் முதலில் அழைத்துப் போவது பார் தீவுக்கு. பார் ஹார்பரின் பிரிட்ஜ் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் கடல் நன்றாக வற்றும்போது சரளைக்கல் பாதை ஒன்று மேலே வரும். வற்றம் உச்சமாகும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நடக்கலாம். அன்றைய அட்டவணையைப் பார்த்து, திரும்ப வேண்டிய நேரத்தைக் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் ஏறி வந்து நடுவில் சேரும். தவறினால் அடுத்த வற்றம் வரை தீவில்தான்.

அகாடியா இருக்கும் பெரிய தீவான மவுண்ட் டெசர்ட் தீவின் காட்டையும் படிக்கலாம். மழையில்லாத 1947 அக்டோபரில் பிடித்த தீ 17,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிந்த கிழக்குப் பக்கத்தில் பிர்ச், ஆஸ்பென் போன்ற இலையுதிர் மரங்கள் முளைத்தன, மேற்கே பழைய ஸ்ப்ரூஸ் அப்படியே கரும்பச்சையாக நிற்கிறது. இலையுதிர் கால நிறத்துக்குக் கிழக்குப் பக்கம் போங்கள். கார் வேண்டாம் என்றால் செல்வந்தர் ராக்ஃபெல்லர் போட்டுக்கொடுத்த 45 மைல் குதிரைவண்டிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம், இலவச ஐலண்ட் எக்ஸ்புளோரர் பஸ்ஸும் கோடையில் ஓடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களில் முட்டை சேர்த்துக்கொள்பவர்கள் ஜோர்டான் பாண்ட் ஹவுஸ் உணவகத்தில் பாப்ஓவர் என்ற உப்பலான ரொட்டியும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் வாங்கிக்கொள்ளலாம். பேக்ட் பீன்ஸ் கேட்டால் பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். மலைப் பக்கம் நமக்கேற்ற சாப்பாடு கிடைக்காது. முதல் நாளுக்குப் புளியோதரை, மற்ற நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கையோடு எடுத்துப் போங்கள். ஆகஸ்டாக இருந்தால் திரும்பும்போது சாலையோரத்தில் காட்டு புளூபெர்ரியைப் பெட்டி பெட்டியாக விற்பார்கள். கடையில் கிடைப்பதைவிடச் சின்னது, இனிப்பும் புளிப்பும் கூடுதல். ஐஸ் பெட்டியில் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், வீட்டில் கழுவாமலேயே ஃப்ரீசரில் போட்டால் குளிர்காலம் முழுக்க வரும்.