ஓடுபாதைப் புகையை மணிக்கணக்கில் பிரித்து மாதிரியாக்குவது

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக நான்கு இணை ஓடுபாதைகள், மேற்கே பசிபிக். பகலில் கடல்காற்று புகையைக் கிழக்கே வீடுகளின் பக்கம் தள்ளும்; இரவில் நிலக்காற்று கடலுக்குத் திருப்பும். ஆண்டுக்கு எத்தனை டன் என்ற கணக்கு மட்டும் கையில் இருந்தால், புகை எங்கே எவ்வளவு பரவும் என்று கணிக்கும் கணினி மாதிரி எதையும் சொல்லாது. எந்த மணியில், எந்த முனையில் என்பது வேண்டும்.

உமிழ்வுக் கணக்கு எளிது: நேரம் × எரிபொருள் ஓட்டம் × உமிழ்வுக் காரணி (ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை கிராம் மாசு) × எஞ்சின் எண்ணிக்கை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த, தரையிறங்கிப் புறப்படும் நிலையான சுழற்சியில் புறப்பாடு 0.7 நிமிடம், ஏற்றம் 2.2, இறக்கம் 4, தரை ஓட்டம் 26. எஞ்சின் ஒன்றுக்கு வினாடிக்கு 1.2 கிலோ எரிபொருள் எரித்து, கிலோவுக்கு 28 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடும் இரட்டை எஞ்சின் விமானம், புறப்பாட்டின் 42 வினாடியில் சுமார் 2.8 கிலோ உமிழும். அந்த 26 நிமிடத்தை மட்டும் அப்படியே போடாதீர்கள். அது எஞ்சின் சான்றளிப்புக்கான எண்; நிலையத்தின் உண்மையான தரை ஓட்ட நேரத்தைப் பதிவுகளிலிருந்து எடுங்கள். கார்பன் மோனாக்சைடு கணக்குதான் இதில் அதிகம் மாறும்.

அடுத்து, அந்த 2.8 கிலோவை ஓடுபாதை நீளத்துக்குச் சமமாகப் பரப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. சீராக வேகமெடுக்கும் விமானம், ஓட்டத்தின் முதல் கால் பங்கு தூரத்திலேயே பாதி நேரத்தைக் கழிக்கிறது. உமிழ்விலும் பாதி அங்கேதான். இங்கே மேற்கு நோக்கிப் புறப்படும்போது அந்த இடம் கிழக்கு முனை, அதாவது வீடுகள் இருக்கும் பக்கம். எனவே ஓடுபாதையைத் துண்டுகளாக்கி, தொடக்க முனைக்கு எடை கூட்டுங்கள்.

காற்று மாசுப் பரவலைக் கணிக்கும் மென்பொருளான ஏர்மாடுக்கு வேண்டிய வானிலைக் கோப்பை, அதன் துணை நிரலான ஏர்மெட்டில் தயாரிக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். வானிலை உள்ளூர் நிலை நேரத்தில் இருக்கும்; விமான அட்டவணையோ, கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால், ஒரு மணி முன்னால் ஓடும். திருத்தாவிட்டால் காலை நெரிசல் வேறு காற்றில் கலந்துவிடும். காற்றே இல்லை என்று பதிவான மணிகளை ஏர்மாட் கணக்கில் சேர்க்காது என்பதால், கிடைத்தால் ஒரு நிமிடக் காற்றுத் தரவைச் சேருங்கள்.

காற்று மெதுவாக வீசும்போது சூடான எஞ்சின் புகை மேலெழும். அதைச் சேர்க்காத மாதிரி, அமைதியான இரவுகளில் நிலைய வேலியோர மாசுச் செறிவை மிகையாகக் காட்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளில் நைட்ரஜன் டைஆக்சைடின் பங்கையும் ஒரே எண்ணாக வைக்கக் கூடாது: குறைந்த உந்துவிசையில் அது அதிகம், முழு உந்துவிசையில் குறைவு.

சரிபார்க்கும்போது ஆண்டுச் சராசரி பொருந்துகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒன்றையொன்று ஈடுகட்டும் பிழைகள் அதில் மறைந்துவிடும். காற்றுத் திசைவாரியாக, மணிவாரியாக ஒப்பிடுங்கள். கிழக்கே 405 நெடுஞ்சாலை செல்வதால் வாகனப் புகையைத் தனி மூலமாகச் சேர்த்துவிட்டே அங்குள்ள அளவீட்டோடு ஒப்பிட வேண்டும்.